தடைக்காலத்துக்கு முன்னாடி ரீஃப் டேங்குக்கு ஃப்ரோஸன் ஃபுட் செஞ்சு வைக்கிறது எப்படி

ஏப்ரல் 15 வந்துட்டா கிழக்கு கடற்கரை முழுக்க மீன்பிடி தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்கு போகாது. வீட்ல எல்லாரும் வஞ்சரம் விலைய நினைச்சு புலம்புவாங்க, என் கவலை வேற, வீட்ல ரீஃப் டேங்க்ல, அதாவது பவளமும் கடல் மீனும் வளர்க்கிற உப்புத்தண்ணி தொட்டில இருக்கிற ப்ளூ டேங் மீனுக்கும் க்ளவுன் மீன் ஜோடிக்கும் ஃப்ரெஷ்ஷா இறாலும் கணவாயும் எங்க போய் வாங்குறது. அதனால மார்ச் கடைசி ஞாயிறு காலைல சென்னை காசிமேடு மீன் மார்க்கெட்டுக்கு போயிட்டு வந்து ரெண்டரை மாசத்துக்கான சாப்பாட்டை மொத்தமா செஞ்சு ஃப்ரீஸர்ல தள்ளிடுவேன்.

என்னோடது 300 லிட்டர் தொட்டி, அஞ்சாறு மீன், ஜோவாந்தஸ், மஷ்ரூம் மாதிரி சாஃப்ட் கோரல் (கல் மாதிரி கூடு இல்லாத மெத்துன்னு இருக்கிற பவளம்) மட்டும்தான். அதுக்கு இறால் 150 கிராம், கணவாய் 100 கிராம், சங்கரா மாதிரி எண்ணெய் இல்லாத வெள்ளை சதை மீன் 50 கிராம், மூணு ஷீட் நோரி (காய வெச்ச கடல்பாசி ஷீட்), இவ்ளோதான். நோரி உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் தடவாததா இருக்கணும், சுஷி சுத்துற ஷீட் ஓகே, நொறுக்குத்தீனியா விக்கிறது வேண்டாம். மீன் சினை கிடைச்சா விடாதீங்க, கோபி மாதிரி சின்ன மீனுங்க அதுக்கு பைத்தியமா ஓடி வரும். மத்தி, காணாங்கெளுத்தி எல்லாம் நமக்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது, எண்ணெய் மேல படலமா நின்னு ஸ்கிம்மர்ல (நுரையாக்கி அழுக்கை வெளிய எடுக்கிற கருவி) நுரையே வராது. ஆத்து மீன், கோழி, மாட்டு ஈரல்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க, கடல் மீனுக்கு தேவையான கொழுப்பு அதுல கிடைக்காது.

இறால் வாங்கும்போது ஒரு விஷயம். சூப்பர் மார்க்கெட்ல உரிச்சு பாக்கெட்ல ஃப்ரீஸ் பண்ணி விக்கிறாங்களே, அதுல நிறைய பாக்கெட்ல தண்ணி பிடிச்சு எடை நிக்கிறதுக்காக பாஸ்ஃபேட் உப்புல ஊற வெச்சிருப்பாங்க. பின்னாடி சின்ன எழுத்துல 451, 452னு நம்பர் இருந்தா அதுதான். பாசிக்கு தீனியாகிற பாஸ்ஃபேட்டை குறைக்க நாம அதை உறிஞ்சுற ஃபில்டர் மீடியா வாங்கி காசை கொட்டிட்டு இன்னொரு பக்கம் அதையே ஊட்டி விடுறதுல என்ன அர்த்தம் இருக்கு. தோலோட இருக்கிற பச்சை இறாலா வாங்கி நாமளே உரிச்சு, முதுகுல இருக்கிற கருப்பு நரம்பை எடுத்துடறது நல்லது.

கணவாய்தான் கொஞ்சம் வேலை வாங்கும். தலையை பிடிச்சு மெதுவா இழுத்தா குடலோட சேர்ந்து வரும், அதுல வெள்ளி கலர்ல மின்னுற சின்ன பை தெரியும், அதுதான் மை, அதை உடைச்சிட்டீங்கன்னா கையும் சிங்க்கும் கருப்பாயிடும். உள்ள பிளாஸ்டிக் குச்சி மாதிரி ஒண்ணு இருக்கும், அதையும் உருவிட்டு மேல இருக்கிற ஊதா தோலை உரிச்சா சுத்த வெள்ளையா சதை நிக்கும். எல்லாத்தையும் குழாய் தண்ணில கழுவுங்க, ஆனா கடைசி அலசு ஆர்ஓ தண்ணில.

இப்ப மிக்ஸி. எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான், நானும் பண்ணிருக்கேன். முதல் தடவை சட்னி மாதிரி மைய அரைச்சு ஒரு பெரிய துண்டை தொட்டில போட்டேன், அஞ்சு நிமிஷத்துல தொட்டி பால் மாதிரி ஆயிடுச்சு, மீன் பாதி கூட சாப்பிடல, அப்புறம் ரெண்டு மாசம் பாறை பூரா பச்சை முடி பாசி. அரைக்கவே கூடாது, நறுக்கணும். சதையை ஒரு மணி நேரம் ஃப்ரீஸர்ல வெச்சு பாதி கெட்டியானதும் எடுத்தீங்கன்னா கத்தில பொடிப்பொடியா சுத்தமா நறுக்க வரும், முழுசா இளகி இருந்தா கணவாய் ரப்பர் மாதிரி வழுக்கும். மிக்ஸிதான் வேணும்னா அதே பாதி உறைஞ்ச பதத்துல பல்ஸ் பக்கம் ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட் திருப்பி விட்டு பாருங்க, அதுக்கு தனி ஜார் வெச்சுக்கோங்க, அம்மாவோட தேங்கா ஜாரை தொட்டா நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல. துண்டு மீனோட கண்ணை விட பெருசா இருக்க கூடாது. நோரியை கத்தரிக்கோலால பொடியா வெட்டி கடைசியா கலந்தா சதையில ஒட்டிக்கும்.

ஜிப் பைல கலவையை போட்டு காத்தை வெளிய தள்ளி, சப்பாத்தி கட்டையால 3, 4 மில்லி மீட்டர் தடிமனுக்கு தட்டையா பரப்புங்க. ஸ்கேல் ஓரத்தால மேல கட்டம் கட்டமா அழுத்தி கோடு போட்டுட்டா அப்புறம் சாக்லேட் பார் மாதிரி உடைக்கலாம். தட்டையா போடறதுக்கு காரணம் இருக்கு: உருண்டையா போட்டா உறைய ரொம்ப நேரமாகும், மெதுவா உறைஞ்சா ஐஸ் படிகம் பெருசாகி சதையோட செல்லை கிழிச்சிடும், இளகும்போது சாறெல்லாம் ஒழுகி தண்ணிக்கு போயிடும். பைமேல தேதி எழுதுங்க, கூடவே 'மீனுக்கு மட்டும்'னு பெருசா எழுதுங்க, எங்க வீட்ல ஒரு தடவை அது இறால் தொக்காக மாற இருந்துச்சு. குறைஞ்சது ஒரு வாரமாச்சும் உறைஞ்ச பிறகுதான் எடுத்து போடுவேன், ஒட்டுண்ணி ஏதும் இருந்தா பெரும்பாலும் அதுல செத்துடும். மூணு மாசத்துக்கு மேல வெக்க மாட்டேன்.

போடும்போது ஒரு கட்டத்தை உடைச்சு ஒரு கப் தொட்டி தண்ணில பத்து நிமிஷம் விடுங்க, சுடு தண்ணி, மைக்ரோவேவ் எதுவும் வேண்டாம். அப்புறம் டீ வடிகட்டில ஊத்தி ஒரு அலசு. அலசினா பாஸ்ஃபேட் போயிடும்னு சொல்றாங்க, அது பாதி உண்மைதான், பொடியும் சாறும் போகும், ஆனா பெரும்பங்கு பாஸ்ஃபேட் சதைக்குள்ளயேதான் இருக்கு, எவ்வளவு போடுறீங்கங்கறதுதான் கணக்கு. வைட்டமின் சொட்டு விடறவங்க இந்த நேரத்துல விடுங்க, ஃப்ரீஸ் பண்றதுக்கு முன்னாடி கலந்தா அலசும்போது சத்து கொஞ்சம் போயிடலாம். பூண்டுச் சாறு சாப்பிடாம முரண்டு பிடிக்கிற மீனுக்கு ஒரு சொட்டு விட்டு பாக்கலாம், அது வெள்ளைப்புள்ளி நோயை குணமாக்கும்னு மட்டும் நம்பாதீங்க.

ஃபில்டர்ல இருந்து தண்ணியை தொட்டிக்கு திருப்பி அனுப்புற ரிட்டர்ன் பம்ப்பை ஆஃப் பண்ணிட்டு, தொட்டிக்குள்ள அலை உண்டாக்குற வேவ் மேக்கரை ஓட விட்டு, சிரிஞ்ச்ல கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. ரெண்டு நிமிஷத்துல தீரணும், கீழ விழுந்து கிடந்தா நாளைக்கு குறைச்சுக்கோங்க. பம்ப்பை திரும்ப போட மொபைல்ல அலாரம் வெச்சிடுங்க.

தினமும் இதையே போடாம ஒரு நாள் விட்டு ஒரு நாள் கடைல வாங்குற மைசிஸ் (இறால் மாதிரி குட்டி உயிரி, உறைய வெச்சு விக்கிறது) போடறேன். சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைங்கள்ல வாங்கும்போது பாக்கெட்டை தூக்கி பாருங்க, க்யூப் எல்லாம் ஒரு பக்கமா சரிஞ்சு ஒட்டி, மூலைல பழுப்பா ஐஸ் கட்டியிருந்தா வழியில எங்கயோ இளகி மறுபடி உறைஞ்சதுன்னு அர்த்தம், வெச்சிட்டு வந்துடுங்க.

நம்ம வீட்டு ஃப்ரீஸருக்கும் இதே கதைதான், மே மாசம் கரண்ட் எப்ப போச்சு எப்ப வந்துச்சுன்னு தெரியாது. ஒரு சின்ன டம்ளர்ல தண்ணி உறைய வெச்சு அதுமேல ஒரு ரூபா காசை வெச்சு பைக்கு பக்கத்துலயே வைங்க. ஊருக்கு போயிட்டு வந்து பாக்கும்போது காசு ஐஸுக்குள்ள இறங்கி இருந்தா அந்த பை குப்பைக்கு.