பீஸ்ட்மென் படை: மேசையில் திரும்பத் திரும்ப நடக்கும் விதிப் பிழைகள்

மேசையில் பொம்மைப் படைகளை நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் வார்ஹாம்மர் ஃபேண்டஸியில், பீஸ்ட்மென் என்ற மிருக மனிதர் படைக்கான ஆர்மி புக் (அந்தப் படைக்கான தனிப் புத்தகம்) வந்தது 2010 பிப்ரவரியில். ஆட்டத்தின் எட்டாம் பதிப்பின் பொது விதிநூல் வந்தது அதே ஆண்டு ஜூலையில். ஏழாம் பதிப்பின் கடைக்குட்டியாகப் பிறந்து, எட்டாம் பதிப்பிலேயே வாழ்நாளைக் கழித்த புத்தகம் அது. இந்தப் படையை ஆடும்போது எழும் வாக்குவாதங்களில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஆர்மி புக்கில் உள்ள ஒரு வரியைப் படித்துவிட்டு, அது எந்தப் பதிப்பின் விதியோடு சேர்ந்து இயங்குகிறது என்று பார்க்காமல் பகடையை உருட்டிவிடுகிறோம். 2015-இல் ஆட்டம் நிறுத்தப்பட்டாலும் எட்டாம் பதிப்பை ஆடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கீழே உள்ளது அவர்களுக்கு.

முதலில் ப்ரைமல் ஃப்யூரி என்ற சிறப்பு விதி. படையின் உயிர்நாடி இதுதான், அதிகம் தவறாக ஆடப்படுவதும் இதுதான். விதி எளிது. ஒவ்வொரு கைகலப்புக் கட்டத்தின் தொடக்கத்திலும், சண்டையில் சிக்கியிருக்கும் ப்ரைமல் ஃப்யூரி யூனிட் (சேர்ந்து நகரும் வீரர் கூட்டம்) ஒவ்வொன்றும் லீடர்ஷிப் சோதனை எடுக்க வேண்டும், அதாவது இரண்டு பகடையின் கூட்டல் லீடர்ஷிப் எண்ணைத் தாண்டக் கூடாது. தேறினால் அந்தக் கட்டம் முழுக்க ஹேட்ரெட், அதாவது தவறிய அடிகளை மறுபடி உருட்டலாம். இரண்டு பகடையிலும் 1 விழுந்தால் அதோடு ஃப்ரென்ஸியும் (ஆளுக்கு ஓர் அடி கூடுதல்) சேரும்.

இதில் மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள். விதிநூலின் ஹேட்ரெட் முதல் சுற்றுக்கு மட்டும்தான் என்பதால், இரண்டாம் சுற்றிலிருந்து சோதனையே எடுக்காமல் விட்டுவிடுவது ஒன்று. ப்ரைமல் ஃப்யூரி ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகக் கிடைப்பது. சண்டை நான்கு சுற்று இழுத்தால் நான்கு முறை சோதனை. எதிராளியின் முறையிலும் கைகலப்பு நடக்கும், அங்கேயும் சோதனை உண்டு. அதை மறந்தால் ஆட்டத்தின் பாதிச் சண்டைகளில் படையின் முக்கிய விதியே இல்லாமல் ஆடியதாக ஆகிவிடும்.

இரண்டாவது, நேரம். சோதனைகளை எல்லாம் கட்டத்தின் தொடக்கத்திலேயே முடித்துவிட வேண்டும். முதல் சண்டையை ஆடி முடித்து, அடுத்த சண்டைக்கு வந்தபிறகு "அட, இதற்கு ஃப்யூரி உருட்டவில்லையே" என்றால் எதிராளி பெருந்தன்மைக்காரராக இருந்தால்தான் உண்டு. தேறிய யூனிட்டின் பக்கத்தில் ஒரு சிவப்பு மணியோ பகடையோ வைத்துவிடுங்கள். கட்டம் முடிந்ததும் எடுத்துவிடலாம்.

மூன்றாவதுதான் பெரிய நஷ்டம். இது லீடர்ஷிப் சோதனை என்பதால் ஜெனரலின் லீடர்ஷிப்பும் போர்க்கொடியின் மறு உருட்டலும் இதற்குப் பொருந்தும். எட்டாம் பதிப்பில் ஜெனரலிடமிருந்து 12 அங்குலத்துக்குள் இருக்கும் யூனிட் அவருடைய லீடர்ஷிப்பைப் பயன்படுத்தலாம். படையின் போர்க்கொடியைத் தாங்குபவரிடமிருந்து 12 அங்குலத்துக்குள் இருந்தால், தவறிய எந்த லீடர்ஷிப் சோதனையையும் மறுபடி உருட்டலாம். ஏழாம் பதிப்பில் கொடி உதவியது பிரேக் டெஸ்டுக்கு (தோற்ற யூனிட் ஓடாமல் நிற்கிறதா என்ற சோதனைக்கு) மட்டும். அந்தப் பழக்கம் இன்னும் பலர் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்கைப் பாருங்கள். கோர் (Gor) எனும் சாதாரண வீரர்களின் கூட்டமான கோர் ஹெர்டின் சொந்த லீடர்ஷிப் 7, தேறும் வாய்ப்பு 58 சதவீதம். கொடி அருகில் இருந்தால் 83. ஜெனரலாக நிற்கும் பீஸ்ட்லார்டின் 9-ஐக் கடன் வாங்கினால் கொடி இல்லாமலே 83, கொடியும் இருந்தால் 97. லீடர்ஷிப் 6 உள்ள சிறு வீரர்களான அங்கோர்களுக்குத் தனியே நின்றால் 42 சதவீதம்தான். அதனால் இந்தப் படையில் கொடி தூக்கும் வார்கோர் கிட்டத்தட்டக் கட்டாயம். ஜெனரலையும் கொடியையும் ஒரே மூலையில் குவிக்காமல், இரண்டு வட்டங்களும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி நிறுத்துங்கள். எட்டாம் பதிப்பில் எந்த நேரத்திலும் அளந்து பார்க்கலாம், வெட்கப்பட வேண்டாம்.

ப்ரைமல் ஃப்யூரி எல்லோருக்கும் இல்லை. காளைத்தலை அரக்கர்களான மினோட்டார்களுக்கு அது கிடையாது, அவற்றுக்கு ப்ளட்கிரீட் என்ற தனி விதி. ஹார்ப்பிகளுக்கும் கிடையாது. தவிர, ஹேட்ரெட் மறு உருட்டல் தருவது 'டு ஹிட்' (அடி படுகிறதா என்ற) உருட்டலுக்குத்தான். தேரின் இம்பாக்ட் ஹிட் (மோதும் அடி), ஸ்டாம்ப் (மிதி) போன்றவை தாமாகவே படும் அடிகள். அங்கே உருட்டவே எதுவும் இல்லாதபோது மறுபடி உருட்டவும் எதுவும் இல்லை.

அடுத்து அடிகளை எண்ணுவது. இங்கே தவறு செய்தால் சண்டையின் முடிவே மாறிவிடும். கூடுதல் கை ஆயுதம் ஏந்திய 30 கோர்களை 10 பேர் அகலத்தில் மூன்று வரிசையாக, ஹோர்டாக (பின்வரிசை ஒன்று கூடுதலாக அடிக்கும் அகலமான அணிவகுப்பாக) நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். எதிரே ஐந்து பேர் அகலத்தில் பிளாக் ஆர்க்குகள். இரு தரப்புக்கும் 25 மி.மீ. அடித்தட்டு. சரியாகப் பொருத்தினால் ஐந்து பேர் நேராகவும் இரண்டு பேர் மூலையிலும் தொடுவார்கள், ஆக 7 பேர். அகலம் பத்து என்பதால் பத்துப் பேரும் அடிப்பார்கள் என்று எண்ணுவது முதல் பிழை. தொடாதவர் அடிக்க முடியாது, தொடாதவரின் பின்னால் நிற்பவரும் துணை அடி கொடுக்க முடியாது.

இரண்டாம் பிழை, பின்வரிசைக்கும் இரண்டிரண்டு அடி கொடுப்பது. பின்னாலிருந்து கொடுக்கும் துணை அடி ஆளுக்கு ஒன்றுதான். கூடுதல் ஆயுதமோ ஃப்ரென்ஸியோ அதை ஏற்றாது. ஆகவே முன்வரிசை 7 பேருக்கு 14, சாம்பியனுக்கு ஒன்று கூட, மொத்தம் 15. இரண்டாம் வரிசை 7. ஹோர்ட் என்பதால் மூன்றாம் வரிசையும் 7. கூட்டினால் 29. எல்லோருக்கும் இரண்டு என்று எண்ணியிருந்தால் 43 வந்திருக்கும். 14 அடி சும்மா கிடைத்தது போல! இரு பக்கமும் வெப்பன் ஸ்கில் (ஆயுதத் திறன்) 4 என்பதால் 4+ (பகடையில் 4 அல்லது அதற்கு மேல்) தேவை, 29 அடியில் சராசரி 14 அல்லது 15 படும். ப்ரைமல் ஃப்யூரி தேறியிருந்தால் ஏறக்குறைய 22. இரட்டை 1 விழுந்து ஃப்ரென்ஸியும் வந்தால் முன்வரிசைக்கு மட்டும் 7 சேர்ந்து 36 அடி.

இன்னொன்று. சார்ஜ் செய்தவர் (பாய்ந்து மோதியவர்) முதலில் அடிப்பார் என்பது ஏழாம் பதிப்பு. எட்டில் அடி இனிஷியேட்டிவ் (வேக எண்) வரிசைப்படிதான், சார்ஜுக்குக் கிடைப்பது சண்டை முடிவில் ஒரு புள்ளி மட்டும். கோர்களின் இனிஷியேட்டிவ் 3, எல்ஃப்கள் எப்போதும் முந்திக்கொள்வார்கள். ஆனால் முன்னால் செத்தவர் இடத்தைப் பின்னால் இருப்பவர் நிரப்பி அடிக்கலாம், அதனால் பெரிய யூனிட்டுக்கு அடி குறையாது. கோர்களின் உயர் ரகமான பெஸ்டிகோர்களின் கிரேட் வெப்பன் +2 பலம் தந்து 6 ஆக்கும், எதிரியின் கவசச் சேமிப்பு மூன்று குறையும். ஆனால் எப்போதும் கடைசியில்தான் அடிப்பார்கள், சார்ஜ் செய்த முறையிலும்கூட.

ஈட்டி ஏந்திய அங்கோர்களிடம் இதற்கு நேர்மாறான பிழை நடக்கிறது. ஈட்டியால் கிடைக்கும் கூடுதல் வரிசை, யூனிட் சார்ஜ் செய்த முறையில் கிடைக்காது. அங்கோர்கள் நின்ற இடத்தில் அடிவாங்கக் காத்திருப்பதே அவர்களுக்கு நல்லது. ஆவேச மிருகப் படைக்கு அது அழகில்லைதான், ஆனாலும் கணக்கு அப்படி.

மினோட்டார்களின் எண்ணிக்கையில் குழப்பம் இரு திசையிலும் உண்டு. மினோட்டார்கள் போன்ற மான்ஸ்ட்ரஸ் இன்ஃபன்ட்ரிக்கு (பேருருவக் காலாட்படைக்கு) ஒரு வரிசை என்பது மூன்று பேர், ஹோர்டுக்கு ஆறு பேர் அகலம். அவற்றின் துணை அடி ஒன்று அல்ல, தன் அடிகளில் மூன்று வரை. மூன்று அகலம் இரண்டு ஆழமாக ஆறு மினோட்டார்கள், கையில் கூடுதல் ஆயுதம். அடி 3, ஃப்ரென்ஸிக்கு 1, ஆயுதத்துக்கு 1, ஆக முன்னால் ஆளுக்கு 5, மொத்தம் 15. பின்வரிசையில் ஆளுக்கு 3, மொத்தம் 9. ஆக 24, சாம்பியன் இருந்தால் 25. பின்னால் ஒன்றொன்று கொடுத்தால் உங்களுக்கு நட்டம், ஐந்தைந்து கொடுத்தால் எதிராளிக்கு. எல்லாம் முடிந்தபின் முன்வரிசை மூன்றும் ஆளுக்கு ஒரு ஸ்டாம்ப். அது காலாட்படை, போர் விலங்கு, ஸ்வார்ம் (சிற்றுயிர்க் கூட்டம்) ஆகியவற்றின்மேல் மட்டும். குதிரைப்படை மேல் ஸ்டாம்ப் அடிப்பது அடிக்கடி நடக்கும் திருட்டு, பெரும்பாலும் தெரியாமல்.

ஸ்டெட்ஃபாஸ்ட் பற்றிச் சுருக்கமாக. தோற்ற யூனிட்டிடம் எதிரியைவிட அதிக வரிசை மீதமிருந்தால், பிரேக் டெஸ்டில் தோற்ற புள்ளிகளின் கழிவு இல்லாமல் சோதிக்கலாம். சமமாக இருந்தால் யாருக்கும் இல்லை. எண்ணுவது சாவுகளை அகற்றிய பிறகு. பக்கவாட்டில் இரண்டு வரிசையுள்ள எதிரி மோதினால் ரேங்க் போனஸ் (பின்வரிசைகளுக்குச் சண்டை முடிவில் கிடைக்கும் புள்ளி) போகும், ஸ்டெட்ஃபாஸ்ட் போகாது. ஹோர்டாக விரித்த 30 கோர்களுக்கு வரிசை மூன்றுதான். எதிரே 30 பேர் ஐந்து அகலத்தில் நின்றால் அவர்களுக்கு ஆறு. அடி வேண்டுமா, எதிரியை உடைக்க வேண்டுமா என்பதை நிறுத்தும்போதே முடிவு செய்யுங்கள்.

காடுதான் இந்தப் படையின் வேடிக்கையான முரண். பீஸ்ட்மென் என்றாலே காட்டுக்குள் நிறுத்தத் தோன்றும். எட்டாம் பதிப்பில் காலாட்படைக்குக் காடு வேகத்தைக் குறைக்காது என்பதும் உண்மை. ஆனால் யூனிட்டின் பெரும்பாலோர் காட்டுக்குள் இருந்தால் அதற்கு ஸ்டெட்ஃபாஸ்டே கிடையாது. ஐந்து அகலத்தில் 40 அங்கோர்கள், எட்டு வரிசை, ஜெனரல் அருகில், ஆறு புள்ளியில் தோற்கிறார்கள் என்று கொள்வோம். வெட்டவெளியில் 9-க்குச் சோதனை. அதே சண்டை காட்டுக்குள் நடந்தால் 9-லிருந்து 6 கழிந்து 3, தேறும் வாய்ப்பு 8 சதவீதம். காட்டில் லாபம் ஸ்கர்மிஷர்களுக்கு (கலைந்து நின்று ஆடும் யூனிட்டுகளுக்கு), அவர்கள் அங்கே ஸ்டபர்ன் ஆவார்கள், அதாவது எத்தனை வரிசை இருந்தாலும் கழிவின்றிச் சோதிப்பார்கள். காட்டுக்குள் அங்கோர் ரெய்டர்களை அனுப்புங்கள், பெரிய ஹெர்டை விளிம்புக்கு வெளியே நிறுத்துங்கள். டஸ்கோர் தேர் காட்டுக்குள் சார்ஜ் செய்தால் டேஞ்சரஸ் டெரெய்ன் (ஆபத்தான நிலம்) சோதனை உண்டு.

மாயத்தில் பலர் சும்மா விட்டுவிடும் ஒரு சலுகை இருக்கிறது. படையின் மந்திரவாதியான ப்ரே ஷாமன் லோர் ஆஃப் பீஸ்ட்ஸ் என்ற மந்திரத் தொகுப்பை எடுத்தால், அந்த லோரின் வைல்ட்ஹார்ட் விதிப்படி பீஸ்ட்மென் யூனிட்டுகளின்மேல் ஏவும் மந்திரத்தின் இலக்கு எண் ஒன்று குறையும். பலம், டஃப்னஸ் (தாங்குதிறன்) இரண்டையும் ஒன்று ஏற்றும் வைல்ட்ஃபார்முக்கு இயல்பில் 10+. கோர்கள்மேல் ஏவினால் 9+ போதும். நான்காம் நிலை ஷாமன் (உருட்டலோடு 4 சேரும்) இரண்டே பகடையில் ஏவினால் வாய்ப்பு 72-லிருந்து 83 சதவீதமாகிறது. அதன் பலன் அவருடைய அடுத்த மாயக் கட்டம்வரை நீடிக்கும், ஆகவே எதிராளியின் முறையில் நடக்கும் கைகலப்பிலும் கோர்களின் டஃப்னஸ் 5 தான். முறை முடிந்ததும் டோக்கனை எடுத்துவிடாதீர்கள்.

படைப் பட்டியலில் ஆர்மி புக்கின் பழைய எண்ணிக்கை இடங்களை மறந்துவிடுங்கள். எட்டில் எல்லாம் சதவீதம்: லார்டு 25 வரை, ஹீரோ 25 வரை, கோர் (Core, அடிப்படைப் பிரிவு; மேலே சொன்ன Gor அல்ல) குறைந்தது 25, ஸ்பெஷல் 50 வரை, ரேர் 25 வரை. ரேர் பிரிவின் அரக்கர்களான கோர்கான், சைகார், ஜாபர்ஸ்லைத் மூன்றும் தலா 275 புள்ளி. 2000 புள்ளி ஆட்டத்தில் ரேருக்கு 500 தான், இரண்டு எடுத்தால் 550. சரியாக 2200-இல்தான் இரண்டு பொருந்தும்.

பதுங்கித் தாக்கும் ஆம்புஷுக்கு ஆர்மி புக்கில் தனி விதி இருக்கிறது. விதிநூலின் பொதுவான ஆம்புஷர்ஸ் விதியோடு மோதும் இடத்தில் ஆர்மி புக் சொல்வதே செல்லும். அதை ஆட்டம் தொடங்குமுன் எதிராளியோடு சேர்ந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். மேசை விளிம்பில் நுழைந்த முறையிலேயே அவர்களைச் சார்ஜ் செய்ய வைக்க முடியாது. எதிரியின் பீரங்கிக்குப் பின்னால் வந்து நின்றாலும் ஒரு முறை காத்திருக்கத்தான் வேண்டும், அந்த இடைவெளியில் பீரங்கி ஆள் திரும்பிப் பார்ப்பார்.

2024-இல் வந்த புதிய ஆட்டமான தி ஓல்ட் வேர்ல்டுக்கு இவற்றை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே சார்ஜ் தூரம் இரண்டு பகடையின் கூட்டல் அல்ல, மூவ்மெண்டோடு உயர்ந்த பகடை ஒன்று மட்டும். தோற்ற யூனிட் ஓடுவதா நிற்பதா என்ற இரண்டு முடிவுக்குப் பதில் மூன்று முடிவு. கோர்களின் அடித்தட்டு 25-லிருந்து 30 மி.மீ. ஆகிவிட்டதால், மேலே போட்ட "7 பேர் தொடுவார்கள்" கணக்கையும் அங்கே புதிதாகத்தான் போட வேண்டும்.