டாக்குமென்ட்டாக அனுப்பாதீர்கள்: போட்டோவுக்குள் ஒளிந்திருக்கும் தகவலும் தொடரும் தவறுகளும்

போட்டோவுக்குள் எக்ஸிஃப் என்ற மறைவான தகவல் தொகுப்பு ஒன்று இருப்பது தெரியவந்ததும் புதியவர்கள் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். கேமராவில் லொகேஷனை அணைப்பார்கள், அந்தத் தகவலை நீக்கும் ஏதாவது ஒரு ‘மெட்டாடேட்டா ரிமூவர்’ செயலியை இறக்குவார்கள், அத்தோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். தவறுகள் தொடங்குவது அதற்குப் பிறகுதான். வீட்டு எண் தெரியப் படம் எடுப்பது, போர்டிங் பாஸை ஸ்டேட்டஸில் வைப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி எச்சரிக்க ஆள் நிறைய இருக்கிறார்கள்.

எக்ஸிஃப், படத்தோடு சேர்த்து எழுதும் தகவலுக்காக 1995-இல் ஜப்பானியத் தொழில் அமைப்பு ஒன்று வகுத்த வடிவம். ஜேபெக் கோப்பின் தலைப்பகுதியில் உட்கார்ந்திருக்கும். கேமராவின் மாடல், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, எடுத்த நாள், நேரம் எல்லாம் அதில் உண்டு. பல டிஎஸ்எல்ஆர்களில் கேமராவின் வரிசை எண்ணும் உண்டு. போனில் லொகேஷன் திறந்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம் எல்லாம் பதிவாகும். பல போன்கள் கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்பதையும் எழுதிவைக்கும். திறந்த வெளியில் போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். தெரு வரைக்கும் அல்ல, வாசல் வரைக்கும்.

டாக்குமென்ட்டாக அனுப்புவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இதுதான். ஃபிளெக்ஸ் கடைக்காரரும் ஆல்பம் அடிப்பவரும் “போட்டோவா அனுப்பாதீங்க, கிளியரா இருக்காது, டாக்குமென்ட்டா அனுப்புங்க” என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். அச்சுக்கு முழு ரெசல்யூஷன் வேண்டும். ஆனால் அந்தப் பழக்கம் கடையோடு நிற்பதில்லை. பழைய பைக்கை விற்கும்போது, வீட்டு போர்ஷனை வாடகைக்கு விடும்போது, குழந்தையின் பிறந்தநாள் படத்தைப் பள்ளிப் பெற்றோர் குழுவில் போடும்போது என்று எல்லா இடத்துக்கும் அது தொற்றிவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால், செயலி படத்தைத் திறந்து, அளவைக் குறைத்து, புதிய ஜேபெக்காக எழுதுகிறது. பழைய தலைப்பகுதி அந்தப் புதிய கோப்புக்கு வருவதில்லை, அதனால் ஜிபிஎஸ் போய்விடுகிறது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் பைட் மாறாமல் அசல் கோப்பே போகிறது. டெலிகிராமில் ‘ஃபைல்’ என்று அனுப்புவதும், மின்னஞ்சலில் இணைப்பதும், கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுப்பதும் இதே கதைதான். ஆக, தரம் குறையாமல் போனது என்றால் தகவலும் குறையாமல் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியவருக்குத் தனித் திறமை ஒன்றும் வேண்டாம். படத்தை கூகுள் போட்டோஸில் திறந்து மேலே தள்ளினால் வரைபடத்தில் புள்ளி தெரியும். பைக் வாங்க விசாரித்த ஆளுக்கு, “விலை பேசிட்டு அட்ரஸ் சொல்றேன்” என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி நிற்கும் இடம் தெரிந்திருக்கும்.

இதில் சிக்கியவர்கள் எல்லோரும் கணினி தெரியாதவர்கள் அல்ல. ஆன்டிவைரஸ் நிறுவனம் தொடங்கிய ஜான் மெக்காஃபி 2012-இல் மத்திய அமெரிக்க நாடான பெலிஸின் போலீசார் விசாரணையைத் தவிர்த்துத் தலைமறைவாக இருந்தார். அந்த டிசம்பரில் அவரோடு பயணம் செய்த வைஸ் பத்திரிகைக்காரர்கள் ஐபோன் 4எஸ்ஸில் எடுத்த படத்தை அப்படியே இணையத்தில் ஏற்றினார்கள். எக்ஸிஃபில் பக்கத்து நாடான குவாத்தமாலாவின் ரியோ துல்சே பகுதி பதிவாகியிருந்தது. சில நாட்களுக்குள் அவர் குவாத்தமாலாவில் கைதானார். இதைவிட மோசமானது 2007-இல் ஈராக்கில் நடந்தது. ராணுவ தளத்துக்குப் புதிதாக வந்த ஹெலிகாப்டர்களைப் படமெடுத்து வீரர்கள் இணையத்தில் போட, அதிலிருந்த இருப்பிடத்தை வைத்து எதிரிகள் மோர்ட்டார் வீசி நான்கு அப்பாச்சி ஹெலிகாப்டர்களை அழித்தார்கள் என்று அமெரிக்க ராணுவமே பின்னர் தன் வீரர்களுக்கு எடுத்துச் சொன்னது.

டாக்குமென்ட்டோடு போவது ஜிபிஎஸ் மட்டுமல்ல என்பது பலருக்குத் தெரியாது. சாம்சங், பிக்சல் போன்களில் ‘மோஷன் போட்டோ’ திறந்திருந்தால், ஷட்டரை அழுத்துவதற்குச் சற்று முன்பிருந்து ஓடிய சிறு வீடியோ அதே கோப்பின் வால்பகுதியில் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் ஒலியோடு. லொகேஷனை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பினால் பக்கத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது அப்படியே போகும். ஒரே போனில் எடுத்த மற்ற படங்கள் 3, 4 எம்பி இருக்கும்போது ஒன்று மட்டும் அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

முழுத் தரத்தில் அனுப்பியே ஆக வேண்டும் என்றால்:

ஐபோனில் படத்தைத் தேர்ந்தெடுத்து ஷேர் பொத்தானை அழுத்துங்கள். மேலே ‘ஆப்ஷன்ஸ்’ என்று சிறிதாக இருக்கும். அதில் ‘லொகேஷன்’, ‘ஆல் போட்டோஸ் டேட்டா’ இரண்டையும் அணையுங்கள். பிறகு ‘சேவ் டு ஃபைல்ஸ்’ கொடுத்து, அந்தப் பிரதியை அனுப்புங்கள். இதில் இருப்பிடம் மட்டும்தான் நீங்கும். நேரமும் மாடலும் இருக்கும்.

சாம்சங்கில் முதலில் படத்தைப் பிரதி எடுங்கள். கேலரியில் பிரதியை மேலே தள்ளி, ‘எடிட்’ தொட்டு, இடத்தின் அருகே உள்ள கழித்தல் குறியை அழுத்தி, சேமியுங்கள்.

கணினியில் எக்ஸிஃப்டூல். 2003-லிருந்து பில் ஹார்வி பராமரிக்கும் இலவசக் கருவி. கட்டளைகளை டைப் செய்துதான் இயக்க வேண்டும், ஆனால் இதற்கு இணை கிடையாது.

எந்த வழியில் நீக்கினாலும் சோதிக்காமல் அனுப்பாதீர்கள். அதே செயலியில் அதே முறையில் உங்கள் இன்னொரு எண்ணுக்கோ வீட்டில் ஒருவருக்கோ அனுப்பி, வந்து சேர்ந்த கோப்பைத் திறந்து விவரங்களைப் பாருங்கள். அனுப்பிய கோப்பைப் பார்த்துப் பயனில்லை. தவறிப் போனபின் ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ கொடுப்பதும் அப்படித்தான். எதிராளி வேறு இடத்தில் சேமித்திருந்தால் அதை அது தொடாது.

ஃபேஸ்புக்கே நீக்கிவிடும் என்று இருப்பது

பார்ப்பவர்களுக்கு நீக்குகிறது. ஏற்றும்போதே அந்தத் தகவல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கோப்பின் பெயரை அப்படியே விடுவது

எக்ஸிஃபைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ‘ஐஎம்ஜி_20240512_183005’ என்ற பெயரோடு அனுப்புபவர்களை என்ன சொல்வது? 2024 மே 12, மாலை 6 மணி 30 நிமிடம் 5 விநாடி. பெயரே சொல்லிவிட்டதே. பிக்சல் போன்கள் பெயரில் எழுதும் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். எக்ஸிஃபிலும் இதேபோல ஒரு சூட்சுமம் உண்டு: ஜிபிஎஸ் நேரம் யுடிசியில் இருக்கும், கேமரா நேரம் உள்ளூர்க் கணக்கில் இருக்கும். ஒருவர் ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) மட்டும் அழித்துவிட்டு இந்த இரண்டையும் விட்டுவைத்தால், வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்து அவர் எந்த நேர மண்டலத்தில் இருந்தார் என்று சொல்லிவிடலாம்.

வெட்டிய பகுதி போய்விட்டது என்று நினைப்பது

2023 மார்ச்சில் ‘ஏக்ரோபலிப்ஸ்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. பிக்சல் போன்களின் மார்க்கப் கருவி, ஸ்கிரீன்ஷாட்டை வெட்டியபின் சிறிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதியது. மிச்சமிருந்த பழைய பைட்டுகளைக் கத்தரிக்கவில்லை. அதனால் வெட்டி எறிந்த பகுதியில் பெரும்பங்கை மீட்க முடிந்தது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே கோளாறு இருந்தது. இரண்டும் சரிசெய்யப்பட்டுவிட்டன, ஆனால் அதற்கு முன் அசல் கோப்பாக அனுப்பிய வங்கி ஸ்கிரீன்ஷாட்டுகளை அப்டேட் திருத்தாது.

இன்றும் நடப்பது வேர்டிலும் பவர்பாயின்ட்டிலும். அங்கே படத்தை வெட்டினால் மறைகிறதே தவிர அழிவதில்லை. வாங்கியவர் மறுபடி ‘கிராப்’ அழுத்தினால் முழுப்படமும் விரியும். ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ சென்று, வெட்டிய பகுதிகளை நீக்கும் கட்டத்தில் டிக் வைத்துச் சேமித்தால்தான் போகும். ஐபோனிலும் திருத்தங்கள் அசலின் மேல் போர்த்தியவைதான். ‘ஆல் போட்டோஸ் டேட்டா’ திறந்த நிலையில் ஏர்டிராப் செய்தால் எதிரில் இருப்பவர் ‘ரிவர்ட்’ கொடுத்து அசலைப் பார்க்கலாம்.

ஆதார் எண்ணைப் போன் எடிட்டரின் மார்க்கர் பேனாவால் மேலே கிறுக்கி மறைப்பதையும் நிறுத்துங்கள். பாதி ஒளிபுகும் கறுப்பு அது. பிரைட்னஸையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றினால் எண் எட்டிப் பார்க்கும். நிரப்பிய கறுப்புக் கட்டம் போடுங்கள், பிறகு அதைப் புதிய படமாக ஏற்றுமதி செய்யுங்கள்.

ஜிபிஎஸ் மேப் கேமரா படங்களைக் குழுவில் போடுவது

களப்பணியாளர்கள் பலர் வேலைக்கு இந்தச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். அலுவலகத்துக்கு அது தேவை. அதே செயலியில் குடும்பப் படத்தையும் எடுத்தால் முகவரியும் ஆயங்களும் படத்தின் மேலேயே அச்சாகிவிடும். எக்ஸிஃபை நீக்கும் செயலி அதைத் தொடாது, வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதும் தொடாது.

இணையத்தில் ‘இலவச எக்ஸிஃப் நீக்கி’

இருப்பிடத்தை மறைப்பதற்காக அசலை முகம் தெரியாத சர்வரில் ஏற்றுவதா?

கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் துடைப்பது

படம் எந்தப் பக்கம் நிமிர்ந்தது என்ற குறிப்பும் எக்ஸிஃபில்தான் இருக்கிறது. அதையும் அழித்தால் நிமிர்த்தி எடுத்த படம் படுத்துக்கொள்ளும். வண்ண புரொஃபைலும் போனால் நிறம் மங்கும். எக்ஸிஃப்டூலில் எல்லாவற்றையும் அழிக்கும்போது இந்த இரண்டையும் தக்கவைக்கும் வழி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று: அந்தக் கருவி, பழைய கோப்பைப் பெயரின் இறுதியில் ‘ஒரிஜினல்’ என்று சேர்த்து அதே ஃபோல்டரில் வைத்துவிடும். ஃபோல்டரையே ஜிப் செய்து அனுப்பினால் துடைத்ததும் துடைக்காததும் ஜோடியாகப் போகும்.

எக்ஸிஃப் இருந்தால் உண்மைப் படம் என்று நம்புவது

மாற்றி எழுத ஒரு கட்டளை போதும்.

ஆதாரமாகத் தேவைப்படும் படத்தைத் துடைப்பது

விபத்து, நில ஆக்கிரமிப்பு, மிரட்டல் என்று புகார் கொடுக்கப் போகும் படமாக இருந்தால் அசலைத் தொடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் கேட்கிறது. அதன் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணையும், எழுத வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். எனவே எடுத்த போனை அப்படியே வைத்திருங்கள். ஃபேக்டரி ரீசெட் வேண்டாம். அசலைக் கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றி, ஷா-256 என்ற முறையில் ஹாஷைக் கணக்கிட்டு, தேதியோடு குறித்துவையுங்கள். வழக்கறிஞருக்கு அனுப்பும்போது டாக்குமென்ட்டாகத்தான் அனுப்ப வேண்டும்.