மானி இறங்கினால் உடனே ஸ்பானரைத் தூக்காதீர்கள்

பிரஷர் ட்ரான்ஸ்மிட்டரை (அழுத்தத்தை அளந்து மின்னோட்டமாக அனுப்பும் கருவி) கைப்பம்பால் அளவுதிருத்தும்போது, காற்று ஏற்றியதும் மானி மெல்ல இறங்கினால் இரண்டு நிமிடம் பொறுங்கள். இறக்கம் தேய்ந்து நின்றுவிட்டால் அது கசிவல்ல. அமுக்கிய காற்று சூடாகும். அப்புறம் ஆறும்போது அழுத்தமும் குறையும். 10 பார் அழுத்தத்தில் ஒரு பாகை செல்சியஸ் ஆறினாலே ஏறக்குறைய 0.036 பார் போய்விடும். முள் நின்ற பிறகுதான் ட்ரான்ஸ்மிட்டர் தரும் மின்னோட்டத்தை மில்லிஅம்பியரில் குறித்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து உச்சி வெயிலில் குழாய் சூடேறி முள் மேலேயும் போகும். ஒரு சாக்கைக் கட்டி நிழல் போடுங்கள், அது போதும்.

ஒரே வேகத்தில் விடாமல் இறங்கினால் கசிவுதான். கசியும் இடத்தைத் தேடச் சவர்க்கார நுரையை எடுங்கள். எண்ணெய்ப் பம்புக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. சில மில்லிபார் மட்டும் அளக்கும் கருவியை வெளியில் வைத்துத் திருத்தவே வேண்டாம், அறைக்குள் கொண்டுபோங்கள்.