உங்கள் துறைக்குப் புதுக் கட்டடமா? கமிட்டியில் பெயர் வந்ததும் செய்ய வேண்டியவை

வேதியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு ஒரு நாள் ஆர்டர் வந்தது: புது ஆய்வகக் கட்டடக் கமிட்டியில் நீங்களும் உறுப்பினர். சிமென்டைப் பற்றி எனக்கு அதன் வேதியியல் மட்டும்தான் தெரியும். உங்களுக்கும் அப்படி ஓர் ஆர்டர் வந்திருந்தால் இது உங்களுக்குத்தான்.

பொதுப்பணித்துறை கட்டினாலும் சரி, பல்கலைக்கழகத்தின் எஸ்டேட் பிரிவே டெண்டர் விட்டாலும் சரி, கட்டுவது அவர்கள் வேலை. அறைக்குள் என்ன நடக்கப்போகிறது என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். அதை வரைபடம் முடிவாகும் முன்பே சொல்லிவிட வேண்டும். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

1. அறை அட்டவணை போடுங்கள்

ஒவ்வோர் அறைக்கும் ஒரு பக்கம். எத்தனை பேர் இருப்பார்கள், என்னென்ன கருவி வரும், அதன் அளவு, எடை, மின்சாரத் தேவை, தண்ணீர், கழிவுநீர், புகை வெளியேற வழி.

எடையை ஏன் கேட்கிறார்கள் என்று தோன்றும். கட்டடச் சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875-இன்படி வகுப்பறைத் தளம் சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 300 கிலோ சுமைக்கு வடிவமைக்கப்படும். புத்தக அடுக்கறைக்கு 2.2 மீட்டர் உயர அலமாரி என்றாலே அதைப்போல் இரண்டு மடங்கு. ‘வகுப்பறை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிற்பாடு அங்கே துறை நூலகத்தை அடுக்கினால் வம்புதான்.

எங்கள் கதையைக் கேளுங்கள். ஃபியூம் ஹுட், அதாவது ரசாயனப் புகையை இழுத்து வெளியே தள்ளும் கூண்டு, வரும் என்று எழுதினோம். அதன் புகைக்குழாய் மொட்டை மாடி வரை போக வழி வேண்டும் என்று எழுதவில்லை. தளம் போட்டு முடித்தபின் கோர் கட்டிங் மெஷினைக் கொண்டுவந்து ஓட்டை போட்டார்கள். நடுவில் பீம் வந்துவிட்டதால் குழாய் இரண்டு இடத்தில் வளைந்தது. அமில வாடை இன்னும் முழுசாக இழுபடவில்லை. மழை வந்தால் அந்த ஓட்டையோரம் ஒழுகுகிறது, கீழே ஒரு பக்கெட் நிரந்தரமாக இருக்கிறது. யாரையும் குறை சொல்ல முடியாது, எழுதாதது நாங்கள்.

2. வரைபடத்தைத் தரையில் போட்டுப் பாருங்கள்

தாளில் எல்லா அறையும் பெரிதாகத்தான் தெரியும். காலி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஓர் ஆய்வகத்தை அதே அளவில் கோடு போட்டு, நான்கு மேசைகளை வையுங்கள். இரண்டு மாணவர்கள் முதுகோடு முதுகு நின்று வேலை செய்தால் நடுவே ஆள் போக இடம் இருக்கிறதா? கருவி வரும் பெட்டி கதவுக்குள் நுழையுமா?

சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தையும் பாருங்கள். 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்பது கணக்கு. வாசல் 45 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். பல வரைபடங்களில் அதற்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள். இதெல்லாம் சரியான பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

3. ஒரே ஆள் பேசட்டும்

துறைத்தலைவர் ஒன்று சொல்வார், மூத்த பேராசிரியர் சைட்டுக்குப் போய் மேஸ்திரியிடம், “தம்பி, இந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி வையேன்” என்பார். அது பில்லில் எக்ஸ்ட்ரா ஐட்டமாக வந்து நிற்கும். துறை சார்பில் ஒருவர்தான் பேச வேண்டும், அதுவும் பொறியாளரிடம், எழுத்தில். மாற்றம் கேட்டால் எவ்வளவு பணம், எத்தனை நாள் கூடும் என்று பதில் எழுத்தில் வந்த பிறகே சரி சொல்லுங்கள்.

4. சைட்டில் என்ன பார்ப்பது

கம்பி எண்ணுவது நம் வேலை இல்லை. கான்கிரீட் கட்டியை அழுத்தி வலிமை பார்க்கும் கியூப் சோதனையின் 28 நாள் முடிவைக் கேட்டு வாங்குங்கள். கான்கிரீட் நன்றாக இறுகத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா என்று எட்டிப் பாருங்கள். கழிவறைத் தரையில் டைல்ஸ் ஒட்டுமுன் தண்ணீர் தேக்கிக் கசிவு பார்த்தார்களா என்றும் விசாரியுங்கள்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள். பூச்சுக்கு முன், சுவரில் வயர் குழாயும் தண்ணீர்க் குழாயும் தெரியும்போதே, பக்கத்தில் டேப் பிடித்து அறைவாரியாகப் போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னாளில் அலமாரிக்கு டிரில் போடுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

5. சாவி வாங்குவது

திறப்பு விழாத் தேதி வந்துவிட்டது என்பதற்காகக் கட்டடத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பார்த்து, அறை எண் போட்டுக் குறைப் பட்டியல் எழுதுங்கள். கட்டியபடியான வரைபடம், லிஃப்ட் உரிமம், தீயணைப்புச் சான்று, மோட்டார் வாரன்டி அட்டை எல்லாம் சாவியோடு கைக்கு வர வேண்டும்.

காண்ட்ராக்டர் தன் செலவில் குறை தீர்த்துத் தர வேண்டிய காலம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அந்த முடிவுத் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்குள் வரும் ஐப்பசி மழையில் குடையோடு மொட்டை மாடிக்கு ஒரு முறை ஏறுங்கள். ஒழுகும் இடத்தைப் போட்டோ எடுத்து அன்றைக்கே கடிதம் போட்டுவிடுங்கள்.