கோஷர் பால் பஃபேக்குக் குடும்பத்தோடு போகும் சைவக்காரர்களுக்கு

பள்ளி விடுமுறையில் லண்டனிலோ நியூயார்க்கிலோ மெல்பர்னிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பினாங்குக் குடும்பங்களில், டிக்கெட் போடுவதற்கு முன்பே பாட்டி கேட்டுவிடுவார்: "அங்க சைவத்துக்கு என்னப்பா செய்யறது?" பக்கத்தில் தமிழர் கடை இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால், நம் ஆட்கள் அவ்வளவாக யோசிக்காத ஒரு வழி உண்டு, யூதர்கள் தங்கள் மத உணவு விதிப்படி (அதுதான் கோஷர்) நடத்தும் பால் உணவகம். பலகையில் 'கோஷர் டெய்ரி' என்று இருந்து, அதற்கான சான்றிதழும் மாட்டியிருந்தால் உள்ளே கோழி, ஆடு, மாடு எதுவும் கிடையாது. கோழிச் சாறு ஊற்றிய சூப்பும் இல்லை, கோழி பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கைப் போடுகிற வேலையும் இல்லை, ஏனென்றால் இறைச்சி தொட்ட சட்டியும் கரண்டியும் அந்தச் சமையலறைக்குள்ளேயே வரக்கூடாது.

ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று அவர்களுடைய வேத நூலான தோராவில் மூன்று இடத்தில் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு பால் ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம் என்று பாத்திரம், கழுவும் தொட்டி வரைக்கும் பிரித்துவிட்டார்கள். நம் வீட்டில் சைவப் பாத்திரத்தைத் தனியாக வைத்திருக்கும் பாட்டிக்கு இதை விளக்கவே வேண்டாம், ஒரு வரியில் புரிந்துகொள்வார். இவர்கள் நமக்கு ஒன்றும் அந்நியர்களும் இல்லை. பினாங்கு நாகூர் ரோடு 28ஆம் எண் கட்டடத்தில் 1929லிருந்து 1976 வரை யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்தது, ஜாலான் ஜைனல் ஆபிடினில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் கோஷர் பஃபேயைத் தேடி ஜார்ஜ்டவுனைச் சுற்றாதீர்கள், அது வெளிநாட்டுப் பயணத்துக்கு மட்டும்.

சரி, சிக்கல் எங்கே என்றால் முட்டையிலும் மீனிலும். இரண்டும் அவர்கள் கணக்கில் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை, பார்வே என்ற மூன்றாவது வகை. அதனால் பால் உணவகத்தில் இரண்டும் தாராளமாக இருக்கும். செதிலும் துடுப்பும் உள்ள மீன் மட்டும்தான், இறால், நண்டு, கணவாய் எல்லாம் விலக்கு, ஆக பெலாச்சான் என்ற இறால் விழுதின் பயம் போயிற்று. ஆனால் பேகல் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் க்ரீம் சீஸ், அதற்குப் பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் ஏடு ஏடாகப் புகையூட்டிய சால்மன். யாராவது அந்த இடுக்கியை மாற்றி வைத்துவிட்டால் போச்சு. க்ரீம் சீஸ் கிண்ணங்களில் ஒன்றில் சால்மனையே கலந்தும் வைப்பார்கள், இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் தொடாதீர்கள். சீசர் சாலட்டின் சாஸில் நெத்திலி போன்ற ஆஞ்சோவி மீன் கரைந்து கிடக்கலாம், கண்ணுக்கே தெரியாது.

முட்டையைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். தக்காளிக் குழம்பில் முட்டை உடைத்து ஊற்றிய ஷக்ஷூகா தெரிந்துவிடும். கூகல் (நூடுல்ஸிலோ உருளைக்கிழங்கிலோ சுட்டெடுப்பது), கீஷ் (உப்புச் சுவைப் பை), பிளின்ட்ஸ் (சீஸ் வைத்துச் சுருட்டிய மெல்லிய தோசை மாதிரி), சீஸ்கேக் எல்லாவற்றிலும் முட்டை உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்னல் போட்ட சல்லா ரொட்டியிலும் பெரும்பாலும் உண்டு. பூரெக்காஸ் என்று பஃப் மாதிரி ஒன்று, உள்ளே சீஸோ உருளைக்கிழங்கோ இருக்கும், மேலே எள் தூவிப் பளபளவென்று மின்னும். அந்தப் பளபளப்பு முட்டை தடவியதால் வருவது, உள்ளே உருளைக்கிழங்குதானே என்று பாட்டி தட்டில் வைத்துவிடாதீர்கள். மௌஸ் போன்ற குளிர்ந்த இனிப்புகளில் மீனிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்த்திருக்க வாய்ப்புண்டு, அது அவர்களுக்குச் சரி, நமக்குச் சரியில்லை.

கேட்கும்போது "சைவமா?" என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள், அவர்கள் ஊர் சைவத்தில் முட்டை உண்டு. முட்டை இருக்கிறதா, மீன் இருக்கிறதா, ஜெலட்டின் இருக்கிறதா, சீஸுக்கு உறை குத்தியது எதை வைத்து (கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறையும் உண்டு) என்று தனித்தனியாகக் கேளுங்கள். பரிமாறும் பையனுக்குத் தெரியாவிட்டால் மஷ்கியாக் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். சமையலறைக்குள் என்ன பொருள் வருகிறது என்று பார்ப்பதே அவர் வேலை, கீரையில் பூச்சி இருக்கிறதா என்பது வரைக்கும் பார்ப்பார்கள். நான் இதில் கூச்சப்படுவதே இல்லை. சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்பதை அங்கே யாரும் தப்பாக எடுப்பதில்லை.

எப்போது போவது? வெள்ளி மதியத்துக்கு மேலும் சனிக்கிழமை பகலிலும் வேண்டாம். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அவர்களுடைய வாராந்திர ஓய்வு நாளான சபாத் அப்போதே தொடங்குவதால் வெள்ளிக்கிழமை மதியத்தோடு கடையை மூடிவிடுவார்கள். புரட்டாசி சனிக்கு மட்டும் சைவம் சாப்பிடுகிற குடும்பங்களுக்கு இந்த வழி உதவாது, சாப்பாடு வேண்டிய அன்றைக்குத்தான் கதவு மூடியிருக்கும். யூதர்களின் புத்தாண்டும் அதற்குப் பின்னால் வரும் பண்டிகைகளும்கூடப் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில்தான். ஞாயிறு காலை நல்ல நேரம், குடும்பம் குடும்பமாக வருவார்கள், உங்கள் பிள்ளைகள் போடும் சத்தம் தனியாகக் கேட்காது.

வெளிச் சாப்பாட்டை உள்ளே எடுத்துப் போகக்கூடாது. பையில் இருக்கும் முறுக்கு, பாட்டியின் ஊறுகாய்ப் போத்தல், வேறு கடையில் வாங்கிய பிறந்தநாள் கேக், எதுவும். கைக்குழந்தையின் உணவுக்கு மட்டும் முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு தொட்டியும் இரண்டு கைப்பிடி வைத்த குவளையும் இருக்கும், அது ரொட்டி சாப்பிடுமுன் பிரார்த்தனை சொல்லிக் கை கழுவும் இடம். நாம் சாதாரணக் குழாயில் கழுவிக்கொண்டால் போதும். அங்கே கழுவிவிட்டு வருகிறவரிடம் வழி கேட்டு அவர் வாயே திறக்காமல் போனால் கோபப்படாதீர்கள், ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கும் வரை பேசக்கூடாது என்பது வழக்கம்.

தட்டை எடுக்காமல் முதலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பீட்சாவைப் பார்த்ததும் நான்கு துண்டு அடுக்கிக்கொண்டு பாதியைக் கீழே தள்ளுவது எல்லா ஊர்ப் பஃபேயிலும் நடப்பதுதான். பாட்டிக்கு நான் முதலில் எடுப்பது ஹம்மஸ், எள் விழுதான தஹீனி, பொடியாக நறுக்கிய வெள்ளரி தக்காளி சாலட், பீட்டா ரொட்டி, சுட்ட கத்தரிக்காய், கெட்டித் தயிர் போன்ற லபனே. கத்தரிக்காயில் மட்டும் மயோனிஸ் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள், கலந்திருந்தால் முட்டைதான். தாத்தாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளாதென்றால் இதே தட்டிலிருந்து லபனேயை மட்டும் விட்டுவிடலாம். உப்பு சப்பில்லை என்று முகம் சுளித்தால் ஸ்குக் கேளுங்கள், ஏமன் நாட்டு யூதர்களுடையது, பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் பூண்டும் அரைத்த காரச் சட்னி. இருந்தால் அம்பாவையும் கேளுங்கள். மஞ்சளும் வெந்தயமும் போட்ட மாங்காய் ஊறுகாய்க் குழம்பு, ஈராக்கிய யூதர்கள் விரும்பிச் சாப்பிடுவது. அதைப் பீட்டாவில் தடவிக் கொடுத்த பிறகு பாட்டி பையிலிருக்கும் ஊறுகாய்ப் போத்தலைத் தேடமாட்டார்.