சைவச் சாப்பாடு: தேக்காவைத் தாண்டினால்

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்கா பக்கம் இருந்தால் கவலையே இல்லை, கோமள விலாஸ், ஆனந்த பவன் என்று கால் போன பக்கம் சாப்பிடலாம். என் சிக்கல் அலுவலகத்துக்குப் பக்கத்து உணவங்காடிதான். "வெஜிடேரியனா?" என்று கேட்டால் "இறைச்சி இல்லை" என்பார்கள், தட்டில் கங்குங் கீரை வரும், அதில் பெலச்சான், அதாவது இறால் விழுது, மணக்கும். அதனால் இப்போது கேள்வியை உடைத்துக் கேட்கிறேன்: காய்ந்த இறால் உண்டா, சிப்பிச் சாறு ஊற்றுவீர்களா, சூப் கோழி எலும்பில் வைத்ததா? பின்னால் வரிசையில் நிற்பவர் முறைப்பார், முறைக்கட்டும்.

அப்புறம்தான் சீனச் சைவக் கடைகள் பழக்கமாயின. பௌத்த முறைச் சமையல் என்பதால் பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. வாட்டர்லூ ஸ்திரீட் குவான் இம் கோயிலுக்குப் பக்கத்து ஃபார்ச்சூன் சென்டரில் இப்படிப் பல கடைகள் உண்டு. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நிறையப் பேர் சைவம், அன்றைக்குக் கொஞ்சம் முன்னாடியே போய்விடுங்கள்.

வெளியூர் என்றால் சைவ உணவகங்களைக் காட்டும் ஹேப்பிகவ் செயலியில் தங்குமிடத்தைச் சுற்றித் தேடிவைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். பாங்காக்கில் மஞ்சள் பலகையில் சிவப்பாக 'ஜே' (அசைவம் கலக்காத உணவு) என்று தாய்லாந்து எழுத்தில் இருந்தால் மீன் சாறு பயமில்லை. விமானத்தில் மட்டும் 'இந்து உணவு' என்று பதிந்துவிடாதீர்கள், அதில் கோழியோ மீனோ வரலாம், 'ஆசிய சைவம்', அதாவது ஏவிஎம்எல் (AVML) என்ற குறியீடு, அதுதான் நமக்கு.