பழைய கணினிக்குச் சின்ன எஸ்எஸ்டி: எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ஒன்று, வேகத்தைப் பார்த்து எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகமில்லாத சிப் சேமிப்பகம்) வாங்காதீர்கள். பெட்டி மேல் வினாடிக்கு 550 எம்பி, 3500 எம்பி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் ஹார்டு டிஸ்க்கிலிருந்து மாறுகிறவருக்கு எதை வாங்கினாலும் வித்தியாசம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் கணினி திணறியதற்குக் காரணம் தட்டு சுழன்று, முனை நகர்ந்து ஃபைலைத் தேடிய நேரம்தான், அந்தத் தேடல் எந்த எஸ்எஸ்டியிலும் கிடையாது. எத்தனை வருஷம் தாங்கும், அதைப் பாருங்கள்.

அதற்கு முன்னால், உங்கள் கணினியில் என்ன பொருந்தும்? பழைய லேப்டாப், டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் 2.5 இன்ச் சாட்டாதான் (ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே பழைய இணைப்பு). எம்.2 ஸ்லாட் (மதர்போர்டில் நேராகச் செருகும் பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான இடம்) இருந்தால் மாடல் எண்ணைப் போட்டு மேனுவலைத் தேடிப் படித்துவிடுங்கள்: ஒரே மாதிரி தெரியும் ஸ்லாட்டில் சிலது சாட்டாவை மட்டும் ஏற்கும், சிலது என்விஎம்இயை (சாட்டாவைவிட வேகமான இணைப்பு முறை) மட்டும், சிலது இரண்டையும். நீளமும் முக்கியம். 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். 2242 போடும் இடத்தில் அது உட்காராது.

அளவு விஷயத்தில் 120, 128 ஜிபியைத் தவிர்த்துவிடுங்கள். விண்டோஸ் 11-க்கே குறைந்தது 64 ஜிபி இடம் வேண்டும், அப்டேட்டும் சேர்ந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். இடம் மட்டும் பிரச்சினை இல்லை, எஸ்எஸ்டி ஒரே நேரத்தில் பல சிப்களில் எழுதித்தான் வேகம் காட்டுகிறது, சின்ன அளவில் சிப்கள் குறைவு, அதனால் எழுதும் வேகமும் குறையும், அதே செல்களே (சிப்பினுள் தகவல் தங்கும் சின்ன அறைகள்) திரும்பத் திரும்ப அழிந்து எழுதப்படுவதால் தேய்மானமும் கூடும். 240 அல்லது 250 வாங்குங்கள், விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் யோசிக்காமல் 500.

சரி, நம்பகத்தன்மைக்கு வருவோம். டிபிடபிள்யூ என்று ஒரு எண் இருக்கும், மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும்வரை கம்பெனி பொறுப்பேற்கிறது என்பது அது. சாம்சங் 870 ஈவோ 250 ஜிபிக்கு 150, வாரண்டி 5 வருஷம். குரூஷியல் எம்எக்ஸ்500 250 ஜிபிக்கு 100, அதுவும் 5 வருஷம். கிங்ஸ்டன் ஏ400 240 ஜிபிக்கு 80, 3 வருஷம். தினமும் 20 ஜிபி எழுதினால்கூட 80 டெராபைட் தீர 4000 நாள், கிட்டத்தட்ட 11 வருஷம் ஆகும், ஆகவே அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நான் அதைவிட வாரண்டி வருஷத்தைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வேன், வீட்டுக் கணினிகளில் செல் தேய்ந்து போவதைவிட கன்ட்ரோலரோ (எஸ்எஸ்டியை இயக்கும் சிப்), ஃபர்ம்வேரோ (அதற்குள் ஓடும் மென்பொருள்) திடீரென்று படுத்துவிடுவதுதான் உண்மையான பயம்.

செல் வகையில் டிஎல்சி, அதாவது ஒரு செல்லில் மூன்று பிட், போதும். கியூஎல்சி ஒரு செல்லில் நான்கு பிட் அடைப்பதால் சீக்கிரம் தேயும், டிஸ்க் நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் ஹார்டு டிஸ்க்கைவிடக் கீழே போவதும் உண்டு. எந்த வகை என்றே சொல்லாத மாடலை நான் விட்டுவிடுவேன். எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொள்ள எஸ்எஸ்டியிலேயே தனி டிராம் (வேக நினைவக) சிப் இருந்தால் நல்லது, முக்கியமாகச் சாட்டாவில். என்விஎம்இயில் அது இல்லாமலும் ஓரளவு சமாளிக்கும், கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும்.

பில்லோடு வாங்குங்கள். நம்ப முடியாத விலைக்குப் பல டெராபைட் என்று விற்பவை போலி, உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கலாம். புதிதாக வந்ததும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் இலவச மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள், நூற்றுக்கணக்கில் காட்டினால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அளவில் சந்தேகம் இருந்தால், விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்பே அதை வேறொரு விண்டோஸ் கணினியில் இணைத்து, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டி, முழுக்க எழுதிப் படிக்க விடுங்கள்.

அப்புறம் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க், அது இன்னும் நன்றாக ஓடினால் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க் சத்தம் போட்டாவது எச்சரிக்கும், எஸ்எஸ்டி பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாமல் போய்விடும், உள்ளே இருந்ததை மீட்பதும் ரொம்பக் கஷ்டம்.